இடிபடாமல் தப்பிய அகஸ்டா வீடு

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் மாதம் டெலிவிஷனில் மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியைப் பார்க்கும் அன்பர்கள் அந்த வெள்ளை வீட்டையும் பார்த்திருப்பார்கள். கீழும் மேலுமாக இரண்டு தளம், சுற்றிலும் அகலமான தாழ்வாரம், கூரையின் உச்சியில் ஒரு சிறு கூண்டு. ஜார்ஜியா மாநிலத்தின் அகஸ்டா நேஷனல் கிளப் இயங்குவது அந்த வீட்டில்தான். கோல்ஃபில் நாட்டமில்லாதவர்களுக்கும் அதன் கதை சுவையானது. இரண்டு முறை இடிக்க நினைத்தும் இடிபடாத வீடு அது.

1854-ல் டென்னிஸ் ரெட்மண்ட் என்பவர் அதைக் கட்டினார். சுவர்களுக்குச் செங்கல்லும் இல்லை, மரமும் இல்லை. சுண்ணாம்பு, சரளைக்கல், மணல் மூன்றையும் கலந்து வார்த்தார். சுவரின் கனம் ஒன்றரை அடி. தென் மாநிலங்களில் எழுந்த முதல் கான்கிரீட் வீடு இதுவே என்பார்கள். 1857-ல் பெல்ஜியத்திலிருந்து வந்த பெர்க்மான்ஸ் குடும்பம் நிலத்தை வாங்கி, ஃப்ரூட்லண்ட் என்ற பெயரில் பழமரக் கன்றுகளும் பூச்செடிகளும் வளர்த்து விற்றது. 1918 வாக்கில் அந்த வியாபாரம் நின்றது. வீடு கேட்பாரற்றுப் போயிற்று.

1925-ல் மயாமியிலிருந்து வந்த ஓர் ஓட்டல் முதலாளி, வீட்டை இடித்துவிட்டுப் பதினைந்து மாடி ஓட்டல் எழுப்பத் திட்டமிட்டார். அஸ்திவார வேலை தொடங்கிய 1926-லேயே ஃப்ளோரிடாவில் பெரும் புயல் வீசி அவருடைய செல்வத்தை அழித்துவிட்டது. வீடு பிழைத்தது.

1931-ல் பாபி ஜோன்ஸ், கிளிஃபர்ட் ராபர்ட்ஸ் இருவரும் 365 ஏக்கர் நிலத்தை எழுபதாயிரம் டாலருக்கு வாங்கினார்கள். அவர்களும் பழைய வீட்டை அகற்றிப் புதிதாகக் கட்டவே வரைபடம் போட்டார்கள்! ஆனால் நாடெங்கும் வங்கிகள் மூடிக்கொண்டிருந்த காலம் அது. 1,800 உறுப்பினர்களை எதிர்பார்த்த கிளப்பில் 1934-ல் முதல் போட்டி நடந்தபோது இருந்தவர்கள் 76 பேர்தான். வேறு வழியில்லாமல் பழைய வீட்டையே பழுது பார்த்துக் கொண்டார்கள். வறுமை செய்த உபகாரம் என்றே சொல்ல வேண்டும். கையில் பணம் இருந்திருந்தால் அந்தச் சுவர்கள் அன்றே மண்ணாகியிருக்கும்.

உலகப் போரின்போது கிளப் மூடப்பட்டு, மைதானத்தில் மாடுகளையும் வான்கோழிகளையும் வளர்த்தார்கள். மாடுகள் பெர்க்மான்ஸ் காலத்துச் செடிகளையும் மேய்ந்தன. போர் முடிந்த பின்புதான் விஸ்தரிப்பு வேலை சூடு பிடித்தது. பரிசுக் கோப்பைகளுக்கு ஓர் அறை, உணவுக்கூடம், பெரிய சமையலறை, விளையாட்டுச் சாமான் கடை என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. பணம் தாராளமாக வந்த பிறகும் நடுவிலிருந்த வீட்டின் முகத்தை மாற்றவில்லை. புதியவற்றைப் பக்கங்களிலேயே ஒட்டவைத்தார்கள். வயதானவர் உடம்பில் கத்தி வைக்கும் வைத்தியர் காட்டும் நிதானம் அந்த வேலையில் தெரிகிறது.

கட்டிடத்தை விரித்த வேகத்தில் கதவைத் திறக்கவில்லை என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது. முதல் கறுப்பின உறுப்பினர் 1990-லும், முதல் பெண் உறுப்பினர்கள் 2012-லும்தான் சேர்க்கப்பட்டார்கள்.

உச்சியிலுள்ள கூண்டு பதினோரு அடிச் சதுரம். அதன் கீழுள்ள மாடத்துக்குக் 'காக்கைக் கூடு' என்று பெயர். போட்டிக்கு வரும் அமெச்சூர் இளைஞர்கள் குறுகிய படிகளில் ஏறி அங்கே தங்குகிறார்கள். பட்டம் பெறுமுன் ஜாக் நிக்லஸும், டைகர் உட்ஸும் அங்கே படுத்து உறங்கியவர்கள்.