ஊருக்குப் பொதுவான காணி: மொசாம்பிக் கிராமங்கள் காட்டிய வழி



உறுதி இல்லாதவனுக்குக் காணி இல்லை என்ற பேச்சை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். ஆனால், உறுதி இல்லாமலே கிராமத்தாரின் காணி உரிமையை ஏற்றுச் சட்டம் எழுதிய நாடு ஒன்று உண்டு. அது ஆபிரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள மொசாம்பிக். அங்கேயும் குருவே மலைப்பகுதியில் நம்மைப் போலத் தேயிலை பயிரிடுகிறார்கள்.

போர்த்துக்கேயரிடமிருந்து 1975இல் விடுதலை பெற்ற அந்த நாட்டில், பிறகு உள்நாட்டு யுத்தம் மூண்டது. 1992இல் சமாதானம் வந்ததும், அயல்நாடுகளுக்கு ஓடிப்போன 15 இலட்சத்துக்கும் அதிகமானோர் திரும்பி வந்தார்கள். கையில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. ஆனால், எந்தக் குடும்பம் எந்த ஓடை வரை பயிரிட்டது என்பது ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும். அந்த ஞாபகத்தை வைத்தே பல இடங்களில் காணி பிரிந்தது. சனங்கள் சோளமும் மரவள்ளியும் நட்டுத் தலையெடுத்தார்கள்.

இந்த வழக்கத்தை 1997ஆம் ஆண்டுக் காணிச் சட்டம் ஏற்றுக்கொண்டது. அது சொன்னவை இவை:

1. காணி அரசுக்குச் சொந்தம். யாரும் விற்க முடியாது.
2. வழக்கப்படி அனுபவித்து வரும் கிராமத்துக்குப் பாவிக்கும் உரிமை உண்டு. பதியாவிட்டாலும் அது போகாது.
3. அயலவரின் வாய்ச்சாட்சியும் ஆதாரமே.
4. ஆணுக்கும் பெண்ணுக்கும் உரிமை சமம்.
5. கம்பனிகள் காணி கேட்டால், முதலில் கிராமத்தாரோடு பேச வேணும்.

பொதுக் காணி என்றால் பயிர் நிலம் மட்டுமல்ல. தரிசு, காடு, ஓடை எல்லாம் அதில் அடங்கும். மழை பொய்த்த வருஷத்தில் விறகும் தேனும் காட்டுப் பழமும் அங்கிருந்துதான் வரும். கஷ்டத்தில் ஒருவர் நிலத்தை விற்றுவிட்டு, பிள்ளைகளோடு நடுத்தெருவில் நிற்கும் நிலையும் குறைவு.

குறை இல்லாமலும் இல்லை. சில இடங்களில் ஒரே கூட்டம் வைத்து, நாலு பேரிடம் கையெழுத்து வாங்கிக் காணியைக் கம்பனிக்குக் கொடுத்துவிட்டார்கள். மற்றவர்களுக்கு விஷயம் தெரிந்தபோது வேலி போட்டாகிவிட்டது. அதனால்தான் 2011இல், கிராமத்தாரோடு இரண்டு கட்டமாகப் பேச வேணும் என்று விதி வந்தது.

அந்த நாட்டுச் சட்டம் இங்கே செல்லாது. ஆனால் அந்தச் சனங்களின் பழக்கம் நமக்கும் உதவும். எல்லையைப் பிள்ளைகளுக்குக் காட்டி வையுங்கள். கூட்டத்துக்குப் பெண்களும் போக வேணும். வாசித்து விளங்காத கடதாசியில் கையெழுத்து வைக்காதீர்கள்.