பேராசிரியருக்கு எத்தனை மார்க்?

தாம்பரம் ரயிலடியில் காலை எட்டு மணிக்கு நின்று பாருங்கள், தோழர்களே! இரவு ஷிப்டு முடிந்து, கண் சிவந்து, கால் சோர்ந்து இறங்கும் தொழிலாளி ஒரு பக்கம். குளித்து, தலை சீவி, தோளிலே பை மாட்டிக் கல்லூரிக்குக் கிளம்பும் பிள்ளைகள் மறு பக்கம். இரு சாராரும் கூடும் இடம் தேநீர்க் கடை. அங்கேதான் நாம் அந்தப் பேச்சைக் கேட்டோம்.

“எக்கனாமிக்ஸ் சாருக்கு எவ்வளவுடா போட்டே?”

“எல்லாத்துக்கும் நாலு. நல்ல மனுசன், பாவம்.”

“நான் ரெண்டுதான் போட்டேன். அவர் நோட்ஸைப் படிக்கிறாரு, நாம எழுதுறோம். அதுக்குப் பேர் பாடமா?”

மார்க் போடுகிறவர் ஆசிரியர், வாங்குகிறவர் மாணவர் என்றே வளர்ந்த நமக்கு வியப்பு. “என்ன தம்பி, நீங்கள் அவருக்கு மார்க் போடுகிறீர்களா?” என்று கேட்டோம். “ஆமாண்ணே, பாரம் குடுப்பாங்க. ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும் டிக் அடிக்கணும்” என்றான் பையன். எந்தக் கல்லூரி என்று நாம் கேட்கவில்லை. கிண்டியிலிருந்து வண்டலூர் வரையில் கல்லூரிக்கா பஞ்சம்?

தொழிலாளிக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். வேலை இருக்கிறது. பீஸ் கட்டுகிறவன் அவன். அதைவிட மேலாக, பொருளாதாரம் என்ற அந்தப் பாடத்தின் பொருளே அவன்தான். அவன் கூலி, அவன் கடன், அவன் வாங்கும் அரிசியின் விலை, அவன் வேலை இழக்கும் நாள், எல்லாம் அந்த வகுப்பில் கோடாகவும் வளைவாகவும் கரும்பலகையில் ஏறுகின்றன. அப்பனைப் பற்றிய பாடத்தை மகன் படித்துவிட்டு வந்து, “ஒண்ணும் புரியலப்பா” என்கிறான் என்றால், அது குடும்ப விவகாரம் மட்டுமன்று, பொது விவகாரம்!

அந்தப் பாரத்தைப் பார்ப்போம். கல்லூரிகளுக்குத் தரம் வழங்கும் ‘நாக்’ அமைப்பு 2017இல் மாணவர் திருப்தி ஆய்வு என்ற ஒன்றைப் புகுத்தியது. டிக் அடிக்கும் கேள்விகள் இருபது. முதல் கேள்வி, பாடத்திட்டத்தில் எவ்வளவு நடத்தி முடிக்கப்பட்டது என்பது. 85 முதல் 100 விழுக்காடா, 70 முதல் 84 விழுக்காடா என்று படிப்படியாக இறங்கும். அடுத்தது, ஆசிரியர் தயாரித்துக்கொண்டு வந்தாரா என்பது. கேள்விகள் தவறு என்று நாம் சொல்லவில்லை. தயாரிக்காமல் வருகிற வாத்தியாரைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால், நூறு விழுக்காடு நடத்தி முடித்த அந்தப் பாடம் யாருடைய பாடம்? ஏட்டுச் சுரைக்காயை முழுதாக அரிந்து முடித்தாலும் கறி வெந்துவிடுமா?

யாருடைய பாடம் என்ற இந்தக் கேள்வியை, பாரமும் டிக்கும் இல்லாத காலத்திலேயே தொழிலாளர் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கதைக்கும் நமது சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. அதனால் சற்று விரிவாகவே சொல்கிறோம்.

இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகரில், 1899இல், ரஸ்கின் கல்லூரி என்று ஒன்று தொடங்கப்பட்டது. சீமான் வீட்டுப் பிள்ளைகளுக்கு அன்று, தொழிலாளருக்கு! நிலக்கரிச் சுரங்கத்தில் கரி வெட்டியவர்களும் ரயில்வேயில் உழைத்தவர்களும் அங்கே மாணவர்கள். பலருக்குத் தொழிற்சங்கமே பணம் கட்டி அனுப்பியது. அவர்களுக்குப் பொருளாதாரம் கற்பிக்க 1907இல் வந்தவர் ஹென்றி சாண்டர்சன் பர்னிஸ் என்பவர். ஆக்ஸ்போர்டில் படித்த கனவான், கண்பார்வை மிகக் குறைந்தவர், கெட்டவர் அல்லர். ஆனால் அவர் சொன்ன பாடம்? ஒரு பொருளின் மதிப்பு அதை வாங்குகிறவனின் விருப்பத்தில் இருக்கிறது என்ற பாடம். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் கையில் கரி வெட்டிய காய்ப்பு. “அப்படியானால் எங்கள் உழைப்புக்கு இதில் என்ன இடம்?” என்று அவன் கேட்காமல் இருப்பானா? கேட்டார்கள். மார்க்சைத் தாங்களே படித்துக்கொண்டு வந்து வகுப்பிலே கேட்டார்கள்.

கல்லூரியின் முதல்வர் டென்னிஸ் ஹெர்ட் மாணவர் பக்கம் நின்றார். சமூகவியல் பாடத்தை மாணவர் விரும்பும்படி சொன்னவர் அவர். நிர்வாகம் அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. 1909 மார்ச் இறுதியில் மாணவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள்! படிக்க வந்த இடத்தில் வேலைநிறுத்தமா என்று கேட்காதீர்கள். அவர்களுக்குத் தெரிந்த போராட்டம் அதுதான். விரிவுரைகளுக்குப் போக மறுத்தார்கள். ஹெர்ட் திரும்பி வரவில்லை. வெளியேறியவர்கள் அதே ஆண்டில் மத்திய தொழிலாளர் கல்லூரி என்று தனியே ஒன்றைத் தொடங்கிவிட்டார்கள். சுரங்கத் தொழிலாளர் சங்கமும் ரயில்வேத் தொழிலாளர் சங்கமும் அதைத் தாங்கி நின்றன. 1929இல் அது மூடப்பட்டது. மூடப்படுவதற்குள் ஒரு சுரங்கத் தொழிலாளியை அது படிக்கவைத்து அனுப்பியது. அவர் பெயர் அனூரின் பெவன். 1948இல் பிரிட்டன் மக்கள் அனைவருக்கும் இலவச மருத்துவம் என்று ஏற்பட்டதே, அந்தத் திட்டத்தைக் கொண்டுவந்த அமைச்சர் அவர்தான்.

ஹெர்ட் நீக்கப்பட்டதால் காலியான அந்த முதல்வர் நாற்காலிக்கு வந்தவர் யார் தெரியுமா? கில்பர்ட் ஸ்லேட்டர். ஆறாண்டு அங்கே தொழிலாளர்க்குக் கல்லூரி நடத்திவிட்டு, 1915இல் அவர் கப்பலேறி வந்து சேர்ந்த ஊர், நமது சென்னை! சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரத்துக்கு முதல் பேராசிரியர் அவர். (திராவிடக் கூறு இந்தியப் பண்பாட்டில் எவ்வளவு என்று 1924இல் நூல் எழுதியவரும் இதே ஸ்லேட்டர்தான். அது வேறு கதை.)

வந்தவர் என்ன செய்தார்? மாணவர்களை அவரவர் ஊருக்குத் திருப்பி அனுப்பினார். விரட்டவில்லை, வேலை கொடுத்து அனுப்பினார். ஊரில் நிலம் யாரிடம் இருக்கிறது, உழுகிறவன் யார், கூலி என்ன, கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு, வீட்டில் என்ன உண்கிறார்கள், எழுதிக்கொண்டு வா என்றார். அந்த மாணவர்கள் எழுதிக் கொண்டுவந்தது 1918இல் நூலாயிற்று. இன்றைய விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டு அந்த ஊர்களில் ஒன்று. பிறகு வந்த ஆய்வாளர்கள், 1930களிலும் 1961இலும் 1981இலும் 2008இலும் அதே ஊருக்குப் போய்ப் போய்ப் பார்த்தார்கள். ஏறத்தாழ நூறாண்டுக் காலம் ஒரு ஊரில் கூலிக்காரன் நிலை எப்படி மாறியது என்று அறிய முடிகிறது என்றால், அதற்கு அடி போட்டவர்கள் விடுமுறைக்கு ஊருக்குப் போன மாணவர்கள்.

இனி நமது தாம்பரத்துக்கு வருவோம். கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் 1931இல் வந்தது. உயர்நீதிமன்றத்தின் எதிரே இருந்த சென்னைக் கிறித்துவக் கல்லூரி 1937இல் தாம்பரத்துக் காட்டுக்குக் குடிவந்தது. அங்கே 1940களில் பொருளாதாரம் சொன்னவர் மால்கம் ஆதிசேசய்யா. பின்னாளில் யுனெஸ்கோவின் துணைத் தலைமை இயக்குநராக உயர்ந்தவர். அவருக்குப் பின், 1962 முதல் 1978 வரை அங்கே பேராசிரியராக இருந்தவர் சி. டி. குரியன்.

குரியன் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வுப் பட்டம் பெற்றவர். அந்தப் படிப்பைக் கொண்டுவந்து அப்படியே பிள்ளைகள் தலையில் இறக்கிவைத்துவிட்டு ஓய்வு பெற்றிருக்கலாம். யார் கேட்பார்கள்? அவர் அதைச் செய்யவில்லை. கல்லூரி மதிலுக்கு வெளியே குரோம்பேட்டையில் தோல் பதனிடுகிறவனும் பல்லாவரத்தில் கல்லுடைக்கிறவனும் இருக்க, உள்ளே வளைவுகளை மட்டும் வரைந்துகொண்டிருப்பதில் அவர் மனம் நிறையவில்லை. அவர் எழுதிய நூல்களின் வரிசையே அதைச் சொல்லும். 1974இல் வறுமையும் வளர்ச்சியும் பற்றி ஒரு நூல். 1978இல் வறுமை, திட்டமிடல், சமூக மாற்றம் பற்றி இன்னொன்று. 1981இல், 1950 முதல் 1975 வரை தமிழ்நாட்டுக் கிராமம் மாறிய விதம் பற்றி. வளர்ச்சி வந்தது, ஆனால் நிலமில்லாதவன் வீட்டு வாசலில் அது நிற்கவில்லை என்பது அதன் சாரம். 2012இல், எண்பது வயதைத் தாண்டி, ‘வெல்த் அண்ட் இல்ஃபேர்’ என்று ஒரு நூல். வெல்ஃபேர் என்றால் நலவாழ்வு. அவர் இல்ஃபேர் என்றார்: செல்வம் ஒரு பக்கம், நலக்கேடு மறு பக்கம்!

அவர் பாடத்தின் அடிவேர் மூன்று கேள்விகள். எது யாரிடம் இருக்கிறது? எந்த வேலையை யார் செய்கிறார்? யாருக்கு என்ன கிடைக்கிறது? இந்த மூன்றையும் தேநீர்க் கடையில் நிற்கும் நம் தொழிலாளியிடம் கேட்டுப் பாருங்கள். கோடு வரையாமலே விடை சொல்வான்!

2024 ஜூலையில், 93ஆம் வயதில், குரியன் மறைந்தார். கடினமானதை எளிய சொல்லில் சொன்னவர் என்றும், கேள்வி கேட்கப் பழக்கியவர் என்றும் அவரிடம் படித்தவர்கள் நினைவுகூர்ந்தார்கள். அவர்கள் படித்த காலத்தில் ஒன்று முதல் ஐந்து வரை டிக் அடித்தவர்கள் அல்லர். ஐம்பதாண்டு கழித்து மனத்திலிருந்து போட்ட மார்க் அது.

எல்லா மாணவரும் இப்படிக் காத்திருப்பதில்லை. அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில், 2011 நவம்பர் 2 அன்று, மேன்கியூ என்ற பேராசிரியரின் வகுப்பிலிருந்து ஏறத்தாழ 70 மாணவர் எழுந்து வெளியே நடந்தார்கள். உலகெங்கும் கல்லூரிகளில் ஓடும் பாடநூலை எழுதியவர் அவர். குடியரசுத் தலைவர் புஷ்ஷுக்குப் பொருளாதார ஆலோசகராக இருந்தவர். பாடம் ஒரு பக்கம் சாய்கிறது, மறு பக்கத்தைச் சொல்ல மறுக்கிறது என்பது மாணவர் குற்றச்சாட்டு. அன்றைய வகுப்பின் பாடம் வருமான ஏற்றத்தாழ்வு என்பதுதான் வேடிக்கை. இருந்து கேட்டுவிட்டுச் சண்டை போட்டிருக்கலாம் என்பது நமது எண்ணம். ஆனால், பணக்காரப் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகளுக்கும் அந்தக் கேள்வி பிறக்கிறது என்பதைப் பாருங்கள்.

ஆகவே மாணவர் கருத்து வேண்டும். நாம் அதன் பக்கம்தான். ஆனால் தேநீர்க் கடைப் பேச்சில் இன்னொரு வாக்கியமும் நம் காதில் விழுந்தது. “நான் ரெண்டு போட்டதாலே அவரை எடுத்துட்டாங்கன்னா?” என்று அந்தப் பையனே கேட்டான்.

அங்கேதான் இருக்கிறது முள்! பல கல்லூரிகளில் இன்று பாடம் நடத்துகிறவர் நிரந்தர ஆசிரியர் அல்லர். ஆண்டுக்கு ஆண்டு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுகிற விரிவுரையாளர். சிப்காட்டில் காண்டிராக்ட் தொழிலாளிக்கு மேஸ்திரியின் குறிப்பு என்னவோ, அதுதான் அவருக்கு இந்தப் பாரம். கேள்வி கேட்கச் சொல்லிப் பிள்ளைகளை வாட்டுகிற ஆசிரியருக்கு இரண்டு. முக்கியமான ஐந்து வினாக்களைக் குறித்துக் கொடுத்து விட்டுவிடுகிறவருக்கு ஐந்து. ஒப்பந்தம் யாருக்குப் புதுப்பிக்கப்படும்? ஊருக்குப் போய்க் கூலியைக் கணக்கெடுத்து வா என்று சொல்ல எந்த ஒப்பந்த விரிவுரையாளருக்குத் துணிவு வரும்?

கனடாவில், டொராண்டோ நகரத்து ரயர்சன் பல்கலைக்கழகத்தில் (2022இல் அதன் பெயர் மாறிவிட்டது) ஆசிரியர் சங்கம் இதே வழக்கைத் தொடுத்தது. 2018 ஜூனில் நடுவர் தீர்ப்பு சொன்னார்: கற்பிக்கும் திறனை அளந்து பதவி உயர்வும் பணி நிரந்தரமும் தீர்மானிக்க இந்த மாணவர் மதிப்பெண்ணைப் பயன்படுத்தக் கூடாது! மாணவர் தம் அனுபவத்தைச் சொல்லலாம்; அது பயனுள்ளது; ஆனால் அந்தச் சராசரி எண்ணை வைத்து ஒருவர் பிழைப்பைத் தீர்க்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். சங்கம் இருந்த இடத்தில் கிடைத்த நீதி. இங்கே ஒப்பந்த விரிவுரையாளரைச் சங்கத்தில் சேர்க்க நாம் எவ்வளவு முயன்றோம் என்று கேட்டுக்கொள்வதும் நல்லது.

நாக் தாளில் இருபது டிக்குகளுக்குப் பிறகு இருபத்தொன்றாவது ஒன்று இருக்கிறது. கற்பித்தல் மேம்பட உமக்குத் தோன்றும் மூன்று கருத்துகளை எழுதுக என்பது அது. தேநீர்க் கடைப் பையன் நிரப்பிய கல்லூரிப் பாரத்திலும் கடைசியில் அப்படி ஓர் இடம் உண்டாம். “நீ அங்கே என்ன தம்பி எழுதினாய்?” என்று கேட்டோம்.

“அதை யாருண்ணே எழுதுவாங்க? விட்டுட்டேன்.”

பக்கத்தில் நின்ற அவன் தகப்பனார் கிளாசைக் கீழே வைத்தார். சட்டைப் பையிலிருந்து மடித்த ஒரு தாளை எடுத்தார். சம்பளச் சீட்டு. “இதுலே பி.எஃப். பிடிச்சது சரியா, பாரு. மூணு மாசமா கேக்குறேன்” என்றார் மகனிடம். பையன் வாங்கிப் பார்த்தான். திருப்பிப் பார்த்தான். “சாயந்திரம் எங்க சார்கிட்டே காட்டிக் கேக்கட்டுமா?” என்றான்.

“ரெண்டு போட்டியே, அவர்கிட்டேயா?”

“அவர்கிட்டேதான்” என்று சீட்டை நோட்டுக்குள் வைத்துக்கொண்டு வண்டிக்கு ஓடினான்.