குடும்பத்தோடு நாயும் வருகிறது

பள்ளிக்கூடங்களுக்குக் கோடை விடுமுறை விட்டதும் குழந்தைகள் எங்கேயாவது அழைத்துப் போகச் சொல்லி நச்சரிப்பதும், பெரியவர்கள் வெயிலைக் காரணம் காட்டி ஒத்திப்போடுவதும், கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு எல்லாரும் ஒருவாறு சம்மதிப்பதும் நம் குடும்பங்களில் வருஷந்தோறும் நடப்பவையே. ஆனால் வீட்டில் நாய் ஒன்று வளருமானால், இந்தச் சம்மதத்தோடு காரியம் முடிந்துவிடுவதில்லை. அதை யாரிடம் விட்டுச் செல்வது என்ற கேள்வி எழுகிறது. அடுத்த வீட்டார் ஒரு வேளை சோறு வைக்க இசைந்தாலும், பகல் முழுவதும் அது வாசலைப் பார்த்து ஊளையிடுவதைச் சகித்துக்கொள்ளும்படி அவர்களைக் கேட்பது நியாயமாகாது. ஆகவே அதையும் கூட்டிக்கொண்டே போய்விடுவோம் என்று தீர்மானிக்கிற குடும்பங்கள் இப்போது பெருகியிருக்கின்றன. நல்ல தீர்மானந்தான். ஆயினும், நாய் உடன் வருகிற பிரயாணத்தில் புறப்படும் நேரத்தையும் போகும் தூரத்தையும் சேரும் இடத்தையும் அந்தப் பிராணியின் தேகநிலைக்குத் தக்கபடி நிர்ணயித்தால் மட்டுமே அது எல்லாருக்கும் உல்லாசப் பிரயாணமாக அமையும்.

மனிதனுக்கு வெயிலில் உடம்பெங்கும் வியர்க்கிறது. அந்த வியர்வை காய்கிறபோது உஷ்ணமும் தணிகிறது. நாய்க்கு இந்தச் சௌகரியம் இல்லை. அதற்குக் குளிர்ச்சி தரும் வியர்வை பாதங்களின் அடியில்தான், அதுவும் அற்பமாகவே, சுரக்கிறது. மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்து, வாயிலும் நாசியிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கித்தான் அது தன் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கும் நாளில் இந்த ஆவியாதல் மந்தப்பட்டுவிடுவதால், வெப்பமானி சற்றுக் குறைவாகக் காட்டினாலும், கடற்கரை ஊர்களின் புழுக்கம் நாய்க்குப் பெரிய சோதனையாகிவிடுகிறது. நாயின் இயல்பான உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை. அது 41 டிகிரியைத் தாண்டினால் உள்ளுறுப்புகள் கெடத் தொடங்கி உயிருக்கே அபாயம் நேரிடும். முகம் சப்பையான பக், புல்டாக், பாக்ஸர் போன்ற ஜாதி நாய்களுக்கு மூச்சுப்பாதை குறுகலாகையால் ஆபத்து இன்னும் அதிகம். நம் நாட்டு நாய்கள் வெயிலுக்குப் பழகியவை என்பது பொதுவாக உண்மையே என்றாலும், 2005-ஆம் ஆண்டு தபால்தலையில் இடம்பெற்ற பெருமையுடைய நம் ராஜபாளையம் நாய்க்கு வெள்ளை ரோமத்தின் கீழே இளஞ்சிவப்புத் தோலும் சிவந்த மூக்கும் இருப்பதால், நேர் வெயில் அதன் மூக்கையும் காதோரங்களையும் எளிதில் பொசுக்கிவிடும் என்பதை அதை வளர்ப்பவர்கள் மறக்கலாகாது.

ஆகையால் முதலில் நிச்சயிக்க வேண்டியது நேரம். மே 4-ஆம் தேதியையொட்டித் தொடங்கி 28 வரையில் நீடிக்கும் அக்கினி நட்சத்திர காலத்தில், நாயோடு செய்யும் பிரயாணம் என்றால் அது காலைப் பிரயாணமே. சென்னையில் அந்நாட்களில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் உதயமாகிவிடுகிறது. நாலரை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் உதயத்தின்போது போய்ச் சேர்ந்து, எட்டரை வரையில் ஆடி ஓடிக் களைத்து, ஒன்பதுக்குள் திரும்பும் வழியில் இருக்கலாம். பகல் சாப்பாட்டையும் அங்கேயே முடித்து மாலையில் திரும்பலாம் என்று ஆசைப்படுபவர்கள், நடுப்பகலில் தார்ச்சாலை எவ்வளவு சுடும் என்பதை யோசிக்க வேண்டும். காற்றின் வெப்பம் 30 டிகிரியாக இருக்கும்போதே வெயிலில் கிடக்கும் தார் 55 டிகிரியைத் தாண்டக்கூடும். செருப்பணிந்த நமக்கு அது உறைப்பதில்லை, நாய்க்கோ பாதத் தோல் வெந்து உரிந்துவிடும். புறங்கையைத் தரையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் பொறுக்க முடியாத தரையில் நாயை நடத்தாதீர்கள். கடற்காற்று வீசத் தொடங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் தைரியம் சொல்வார்கள். அந்தக் காற்று மே மாதத்தில் நண்பகலையொட்டியே வருகிறது, சில நாள் அதற்கும் பிந்துகிறது. வந்த பிறகும் மணல் உடனே ஆறிவிடுவதில்லை.

இடத்தைப் பற்றி விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும். ஒரு வேளைக்குள் போய்வரும் பிரயாணத்துக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேற்பட்ட தூரம் கூடாது என்பது என் அபிப்பிராயம். சேலத்துக்காரர்களுக்கு ஏற்காடு இருக்கிறது. உயரே ஏற ஏற, ஆயிரம் மீட்டருக்குச் சுமார் ஆறு டிகிரி வீதம் காற்று குளிர்ந்துகொண்டே போவதால், ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரமுள்ள அந்த மலையில் சேலத்து வெயில் பாதி மறந்துபோகும். மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளை நாயின் வயிறு தாங்க வேண்டும் என்பது ஒன்றே கவலை. வேலூர், வாணியம்பாடி வாசிகளுக்கு ஏலகிரி இன்னும் எளிது. பதினான்கே வளைவுகள், அவற்றுக்குப் புலவர்கள், வள்ளல்களின் பெயர்கள் வேறு. கொல்லிமலையின் எழுபது வளைவுகளை நாய்க்குச் சிபாரிசு செய்ய எனக்குத் துணிவில்லை. எந்த மலையானாலும், ஊரும் தோட்டமும் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் நின்றுவிடுவது உத்தமம். சிறுத்தைக்கு நாய் மிகவும் பிடித்தமான இரை.

சென்னைவாசிகளுக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டால் வேறு கதி இல்லை என்றே சொல்லலாம். அங்கேயும் கோவளத்தில், சுத்தமான கடற்கரைகளுக்கு வழங்கும் நீலக்கொடிச் சான்று பெற்ற பகுதியில் வீட்டுப் பிராணிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. கூட்டமில்லாத வேறு மணற்பரப்பை நாடுவதே நல்லது. ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. ஜனவரி முதல் மார்ச் வரையில் இக்கரையில் பங்குனி ஆமைகள் மணலைத் தோண்டி முட்டையிட்டுச் செல்கின்றன. அவை பொரிந்து குஞ்சுகள் கடலுக்கு ஓடுவது கோடை பிறந்த பின்பும் தொடர்கிறது. 1988 முதல் மாணவர்கள் இரவெல்லாம் கரையோரம் நடந்து அந்த முட்டைகளைக் காப்பாற்றி வருகிறார்கள். மோப்பம் பிடித்துத் தோண்டுகிற ஒரு நாய் அந்த உழைப்பைச் சில நிமிஷங்களில் பாழாக்கிவிடும். ஆகவே மணலில் சங்கிலியைக் கழற்றவேண்டாம். திருச்சி, தஞ்சைப் பக்கத்தாருக்குக் காவிரிக்கரை நினைவுக்கு வரும். ஆனால் மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் தேதி திறப்பதே மரபாகையால், மே மாதத்துக் காவிரி பெரும்பாலும் சுடுமணல்தான். நீர் வந்த பிறகு மரநிழலுள்ள படித்துறையாகப் பார்த்துப் போகலாம்.

போகக்கூடாத இடங்களும் உண்டு. கோயில்களைச் சொல்லத் தேவையில்லை. மாமல்லபுரத்தின் கடற்கரைக் கோயில் போலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள வளாகங்களுக்குள்ளும் பிராணிகளை அழைத்துச் செல்ல விதி இடந்தராது. ஆளுக்குப் பாதியாகக் குடும்பம் பிரிந்து, ஒரு பாதி உள்ளேயும் ஒரு பாதி நாயோடு வெளியேயும் நின்று தவிப்பதைவிட, அந்தப் பயணத்தை வேறொரு நாளுக்கு ஒதுக்கலாம். தேசியப் பூங்காக்களிலும் சரணாலயங்களிலும் உள்ள தடைக்குக் காரணம் மிக வலுவானது. 2018-இல் குஜராத்தின் கிர் வனத்தில் சில வாரங்களுக்குள் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் மடிந்தபோது, அவற்றுள் பலவற்றின் உடலில் நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் வைரஸ் இருக்கக் கண்டார்கள்.

வாகனத்தைப் பொறுத்தமட்டில் ரயிலை மறந்துவிடுவது நல்லது. முதல் வகுப்பில் அறை முழுவதையும் தமக்கென்றே பதிவு செய்துகொண்டவர்கள்தாம் நாயைக் கூட வைத்துக்கொள்ளலாம். மற்றவர்களின் நாய், கார்டு வண்டியின் கூண்டில் தனியாகக் கிடக்க வேண்டும். ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் நாயை நிறுத்தி, பின்னால் மனைவியையும் நடுவில் குழந்தையையும் ஏற்றிச் செல்லும் சாமர்த்தியசாலிகளைத் தெருவில் பார்க்கிறோம். அந்தச் சாமர்த்தியம் தெருக்கோடி வரைக்கும்கூட வேண்டாதது. கார்தான் தக்கது. பின்னிருக்கையில் மார்ப்பட்டை அணிவித்துப் பிணைத்து, ஜன்னலுக்கு வெளியே தலை நீட்ட விடாமல் கொண்டுபோக வேண்டும். கார் பழகாத நாயை ஒரு வாரம் முன்பிருந்தே பக்கத்துத் தெருக்களில் சிறிது சிறிதாகச் சுற்றிக்காட்டி, கிளம்புவதற்கு மூன்று மணி நேரம் முன்பிருந்து தீனி கொடாமல் இருந்தால் வாந்தித் தொல்லை குறையும். வழியில் காபி குடிக்க இறங்கும்போது, ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவைத்திருக்கிறோமே என்ற சமாதானத்தில் நாயைக் காருக்குள் விட்டுப் போவதுதான் எல்லாவற்றிலும் பெரிய கேடு. வெயிலில் நிற்கும் காரின் உள்ளே ஒரு மணியில் ஏறக்கூடிய சூட்டில் பெரும்பகுதி முதல் அரை மணிக்குள்ளேயே ஏறிவிடுகிறது. விரல்கடை அளவு ஜன்னலைத் திறந்துவைப்பதால் அது குறைவதும் இல்லை. முறை வைத்துக் காபி குடியுங்கள்.

இருபது கிலோ எடையுள்ள நாய்க்குச் சாதாரண நாளிலேயே ஒரு லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் தேவைப்படுமாகையால், அரை நாளானாலும் அதற்கென்று தனியாக இரண்டு லிட்டர் எடுத்துச் செல்ல வேண்டும். தாகத்தில் கடல்நீரைக் குடித்தால் வாந்தியும் பேதியும் காணும். கட்டுச்சோற்று மூட்டையை அவிழ்த்ததும் குழந்தைகளின் கை தாராளமாகிவிடும். வெங்காயம் சேர்ந்த வடையும், திராட்சையும், சாக்லேட்டும் நாய்க்கு விஷம் என்பதை அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். விதை நீக்கிய தர்பூசணித் துண்டு கொடுக்கலாம். மாங்கொட்டையையும் சோளக்கதிரின் தண்டையும் விழுங்கிய நாயைச் சில சமயம் அறுவைச் சிகிச்சை செய்துதான் பிழைக்க வைக்க வேண்டியிருக்கும். கரையில் ஒதுங்கிக் கிடக்கும் விஷமுள்ள பேத்தை மீனைக் கடித்துவிட்டாலோ நிலைமை அதைவிடக் கடுமை.

பிறரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் வீட்டு நாய் சாது என்பது நமக்குத் தெரியும். எதிரே வருகிற குழந்தைக்குத் தெரியாது. நாய் என்றால் அஞ்சுகிறவர்கள் நம்மவரில் மிகுதி, அந்த அச்சத்துக்குத் தக்க காரணமும் உண்டு. வாரைக் குறுகப் பிடிப்பதும், அது அசுத்தம் செய்தால் காகிதத்தில் எடுத்துக் குப்பைத்தொட்டியில் சேர்ப்பதும், ரேபீஸ் தடுப்பூசிச் சான்றைக் கையோடு வைத்திருப்பதும் கௌரவமான காரியங்கள். அந்தந்த ஊரின் தெருநாய்கள் தங்கள் எல்லையில் புதிய நாயைச் சகிக்கமாட்டா. அவை கூட்டமாக நிற்கும் இடத்தைக் கண்டால் வண்டியைத் திருப்பிவிடுங்கள். வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் உப்பும் மணலும் போகக் கழுவி, காதுக்குள்ளும் விரலிடுக்குகளிலும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பதைக் குழந்தைகளிடமே ஒப்படைக்கலாம். அவர்கள் கண் கூர்மையானது.

இவ்வளவு ஜாக்கிரதைக்குப் பின்னும் நாய் ஓயாமல் இரைத்து, எச்சில் கெட்டியாக ஒழுகி, ஈறு கருஞ்சிவப்பாகி, நடை தள்ளாடினால், அது வெப்பத் தாக்குதலின் அடையாளம். உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடல் நனையத் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே மருத்துவரிடம் செல்ல வேண்டும். ஈரத்துணியால் போர்த்தி மூடிவைத்தால் சூடு உள்ளேயே தங்கிவிடும். 1903-இல் தோன்றிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி வேப்பேரியில் இருக்கிறது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலிக் கல்லூரிகளிலும் சிகிச்சை உண்டு. நீங்கள் போகிற இடத்துக்கு அருகில் ஞாயிற்றுக்கிழமையிலும் திறந்திருக்கும் கால்நடை ஆஸ்பத்திரி எது என்பதை முந்தின நாளே விசாரித்து, அதன் தொலைபேசி எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.