கொடிக்கயிறும் அரசியல் அறிவியலும்

கும்மிடிப்பூண்டியை அடுத்த ஆத்துப்பாக்கம் ஊராட்சித் தலைவர் அமிர்தம், 2020 ஆகஸ்ட் 15 அன்று தேசியக் கொடி ஏற்றவிடாமல் தடுக்கப்பட்டார். அவர் தலித் பெண். செய்தி வெளியாகிக் கண்டனம் எழுந்த பிறகு, ஆகஸ்ட் 20 அன்று மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் கொடியேற்றினார்.

பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் ஊராட்சியில் இட ஒதுக்கீடு தந்த அரசமைப்பின் 73-வது திருத்தம் 1993-லேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. பதவி வந்தும் அதிகாரம் ஏன் வரவில்லை? சட்டத்தை மீறிச் சாதி எப்படி அலுவலகத்துக்குள் உட்கார்ந்துகொள்கிறது? இதையெல்லாம் முறையாகப் படிக்கும் பாடம்தான் அரசியல் அறிவியல்.

மணவாள நகரில் பிளஸ் 2 முடித்த பிள்ளை இந்தப் பாடத்தின் பெயரைச் சொன்னால், “எந்தக் கட்சியில சேரப் போறே?” என்று சிரிப்பார்கள். ஐ.டி.ஐ., டிப்ளமோ, அப்புறம் கம்பெனி பஸ் என்பதே நமக்குப் பழகிய பாதை. அதில் குறையில்லை, வீட்டில் அடுப்பெரிய வேண்டும். சேரிப் பிள்ளைக்கு அது ஒன்றே வழி என்று அடுத்தவர் முடிவு செய்வதுதான் உறுத்துகிறது.

கே.ஆர். நாராயணன் பள்ளிக் கட்டணம் கட்ட முடியாமல் வகுப்புக்கு வெளியே நின்ற தலித் மாணவர். டாடா உதவித்தொகையில் லண்டன் சென்று ஹெரால்ட் லாஸ்கியிடம் அரசியல் அறிவியல் படித்தார். 1949-ல் வெளியுறவுப் பணி, 1997-ல் குடியரசுத் தலைவர். அதே ஆண்டு அக்டோபரில், உத்தரப் பிரதேச ஆட்சியைக் கலைக்கும் மத்திய அமைச்சரவையின் பரிந்துரையை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பினார். ரப்பர் ஸ்டாம்பு என்று கேலி செய்யப்படும் பதவிக்கும் என்ன அதிகாரம் உண்டு என்பது படித்தவருக்குத் தெரிந்திருந்தது.

வேலை? டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளில் இந்திய ஆட்சியியல் தனிப் பகுதி. குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் இதை விருப்பப் பாடமாக எடுத்தால் 500 மதிப்பெண். பட்டத்துக்குப் பின் மூன்றாண்டு சட்டப் படிப்பு, ‘நெட்’ எழுதிக் கல்லூரி ஆசிரியர் பணி, பத்திரிகை என்று போகலாம். ஆனால் பட்டம் வாங்கிய மறுநாளே கம்பெனிக்காரர் வந்து அழைத்துப் போக மாட்டார். தேர்வுக்குத் தயாராகும் காலத்துக்கும் சேர்த்து வீடு திட்டமிட வேண்டும்.

திருவள்ளூரில் மின்சார ரயில் ஏறினால் சென்னைக் கல்லூரிகள் எட்டும் தூரம்தான். குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் பட்டியல் சாதி மாணவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. முதல் வகுப்பிலிருந்து பட்டம்வரை தமிழ்வழியில் படித்தவர்களுக்குத் தமிழக அரசுப் பணிகளில் 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. ஆகவே, சேரும்போதே அந்தக் கல்லூரியில் தமிழ்வழிப் பிரிவு இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.