மூக்கடைப்பு மருந்தைத் தூளா வாங்கிக் கரைச்சுக்கலாமா?

மூக்கு ஸ்ப்ரே பத்திப் பேசுனதுல இருந்து ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருது. "ஆக்ஸிமெட்டாசோலின் தூளாவே ஆன்லைன்ல கெடைக்குது, சுத்தம் 98 சதவீதம்னு போட்டிருக்காங்க. ஸ்ப்ரேல இருக்குறதும் அதேதானே, நாமளே கரைச்சுக்கலாமா?" வேண்டாங்க. தயவுசெஞ்சு வேண்டாம்.

பெரியவங்களுக்கான நாசிவியான் மூக்கு மருந்துப் பாட்டில்ல பாருங்க, 0.05 சதவீதம்னு இருக்கும். ஒரு மில்லியில அரை மில்லிகிராம் மருந்து. 10 மில்லி பாட்டில் முழுசுக்கும் சேத்து வெறும் 5 மில்லிகிராம். ஒரு கிராம் தூள்ல இந்த மாதிரி 200 பாட்டில் போடலாம்! உங்க வீட்டுச் சமையலறைத் தராசு ஒரு கிராமையே தடுமாறித்தான் காட்டும். கரண்டிக் காம்புல ஒட்டுன தூளே பல பாட்டில் மருந்துக்குச் சமம். அளவுதாங்க இங்க எல்லாமே.

அப்ப ஆய்வகத்துக்கு எதுக்கு இதை விக்கிறாங்க? இந்த மருந்து போய் ஒட்டுற ஆல்ஃபா அட்ரினெர்ஜிக் ஏற்பிகள் எப்படி வேலை செய்யுதுன்னு செல்கள்ல சோதிச்சுப் பாக்க இது வேணும். மருந்துக் கம்பெனிக்காரங்க, தயாரிச்ச மருந்துல சரக்கு சரியா இருக்கான்னு ஒப்பிட்டுப் பாக்கவும் வேணும். அங்க கையுறை போட்டு, மில்லிகிராமுக்கும் கீழ காட்டுற தராசுல நிறுத்து, பெரும்பாலும் டிஎம்எஸ்ஓ மாதிரி கரைப்பான்ல கரைப்பாங்க. டப்பாவுல "ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதர்களுக்கு அல்ல"ன்னு சும்மா போடல. 98 சதவீதம்ங்கறது அந்தச் சேர்மம் எவ்வளவு இருக்குன்னுதான் சொல்லுது. மிச்சம் ரெண்டு சதவீதம் என்ன, கிருமி இருக்கா, மூக்குச் சவ்வு தாங்குமா, இதுக்கெல்லாம் அந்த எண்ல பதில் கெடையாது.

இந்தச் சேர்மத்தோட கதையே எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1961ல ஜெர்மனியோட மெர்க் கம்பெனியில, ஏற்கெனவே இருந்த சைலோமெட்டாசோலினை வெச்சு உருவாக்குனாங்க. மூக்குல ரத்தக்குழாயைச் சுருக்கி அடைப்பைத் திறக்குற அதே சரக்கு, 2017ல அமெரிக்காவுல முகச் சிவப்புக்கு 1 சதவீத க்ரீமா வந்துச்சு. 2020ல தொங்குற கண்ணிமையைத் தூக்க 0.1 சதவீதச் சொட்டு மருந்தா வந்துச்சு. மூலக்கூறு ஒண்ணு, மருந்து மூணு. ஒவ்வொண்ணையும் தனித்தனியா சோதிச்சுத்தான் அனுமதி குடுத்தாங்க. மறுபடியும் பாருங்க, அளவு!

அந்த அளவு தப்புனா என்ன ஆகும்? குழந்தைங்க இந்த வகை மருந்தை ஒண்ணு ரெண்டு மில்லி முழுங்கினாலே ஆபத்துன்னு 2012லயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரிச்சுது. மயக்கம் வரும், நாடித்துடிப்பு குறையும், மூச்சு மெதுவாகும். கடையில விக்கிற பாட்டில்லயே இந்த நிலைமைன்னா, தூளை வீட்டுல வெச்சுக்கறதை நெனச்சாலே எனக்குப் பதறுது.

நேரம் ஆயிடுச்சு, முக்கியமானதை வேகமா சொல்லிடுறேன். ஸ்ப்ரேயை மூணு நாளுக்கு மேல தொடர்ந்து அடிக்காதீங்க. அடிச்சா அந்த மருந்தே அடைப்பை உண்டாக்கும், அப்புறம் அது இல்லாம மூச்சு விட முடியாதுங்கற நிலைமை வந்துடும். அப்படி மாட்டியிருந்தா தூளைத் தேடாதீங்க, காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்க. ஸ்டீராய்டு ஸ்ப்ரே குடுத்து இதுல இருந்து வெளிய கொண்டு வருவாங்க. சாதாரண சளிக்கு உப்புநீர் ஸ்ப்ரே நல்லது. பிபி, இதய நோய், தைராய்டு, கண் அழுத்தம் இருக்குறவங்க டாக்டர்கிட்ட கேக்காம தொடாதீங்க. ஆறு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்களுக்கு நீங்களா போடாதீங்க. பாட்டிலை அவங்க கைக்கு எட்டாம வைங்க. குழந்தை முழுங்கிட்டா, தூங்கி எந்திரிச்சா சரியாயிடும்னு காத்திருக்காம, பாட்டிலையும் எடுத்துக்கிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.