ஓர் அடியில் போன பதக்கம்!

2018-ம் ஆண்டு ஆகஸ்டு 26-ந்தேதி, ஞாயிற்றுக்கிழமை. இந்தோனேஷியத் தலைநகர் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி. 10 ஆயிரம் மீட்டர் ஓட்டத்தில் புதுக்கோட்டை வீரர் கோ.லட்சுமணன் மூன்றாவதாக ஓடி வந்தார். நேரம் 29 நிமிடம் 44.91 வினாடி.

வெண்கலப் பதக்கம்! 1998-ல் குலாப் சந்த் வாங்கிய பிறகு, 20 ஆண்டுகளாக இந்த ஓட்டத்தில் இந்திய ஆண்கள் யாரும் பதக்கம் வாங்கியதில்லை.

மகிழ்ச்சி நிலைக்கவில்லை. "லட்சுமணன் போட்டியிலிருந்து நீக்கம்" என்று அறிவித்துவிட்டார்கள்!

என்ன குற்றம்?

ஓடுபாதையின் ஒரு சுற்று 400 மீட்டர். 10 ஆயிரம் மீட்டருக்கு 25 சுற்று. பாதையின் உள் ஓரத்தில் ஒரு விளிம்பு உண்டு. அதைத் தாண்டி உள்ளே கால் வைத்தால் தூரம் குறையும். வண்டிப் பாதையை விட்டு வரப்பில் குறுக்கே நடப்பவர் சீக்கிரம் ஊர் போய்ச் சேருவதில்லையா? அப்படித்தான். லட்சுமணனின் கால் விளிம்புக்கு உள்ளே பட்டுவிட்டது. இந்தியாவின் ஆட்சேபம் எடுபடவில்லை. அடுத்து வந்த சீன வீரருக்குப் பதக்கம் போயிற்று.

இரண்டு தங்கம்

லட்சுமணன் ராணுவ வீரர். பயிற்சியாளர் லோகநாதனிடம் பழகியவர். 2016 தெற்காசியப் போட்டியில் இரண்டு தங்கம் வென்ற சூரியாவும் இதே ஆசானின் மாணவிதான்.

2017 ஜூலையில் புவனேசுவரத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 5 ஆயிரம், 10 ஆயிரம் மீட்டர் இரண்டிலும் லட்சுமணனுக்கே தங்கம்!

இதில் ஒரு வேடிக்கை. அங்கே 5 ஆயிரம் மீட்டரை அவர் ஓடிய நேரம் 14 நிமிடம் 54.48 வினாடி. மறுமாதம் லண்டனில் உலகப் போட்டி. அங்கே 13 நிமிடம் 35.69 வினாடி! ஒரு நிமிடத்துக்கு மேல் வேகம். ஆனால் முதல் சுற்றிலேயே 15-வது இடம். பதக்கத்துக்காக ஓடும்போது ஒருவரை ஒருவர் பார்த்து மெல்ல ஓடி, கடைசியில் பாய்வார்கள். லண்டனில் தொடக்கத்திலிருந்தே பாய்ச்சல்தான். பகதூர் பிரசாத் 1992-ல் செய்த இந்தியச் சாதனைக்கு லட்சுமணன் 6 வினாடிதான் பின்தங்கினார். அந்தச் சாதனையை 2022-ல் அவினாஷ் சாப்ளே முறியடித்தார்.

பிறகு நடந்தது

பதக்கம் இல்லாவிட்டாலும், 2018-லேயே மத்திய அரசு லட்சுமணனுக்கு 10 லட்சம் ரூபாய் பரிசளித்தது.

ஜகார்த்தாவில் முதலில் வந்த பஹ்ரைன் வீரர் ஹசன் சானி ஊக்கமருந்து விவகாரத்தில் சிக்கினார். அவரது தங்கம் பறிபோயிற்று. லட்சுமணன் நீக்கப்படாமல் இருந்திருந்தால், வெண்கலம் வெள்ளியாகியிருக்கும்!

2021 நவம்பரில் விதியும் தளர்ந்தது. வளைவில் ஒரே ஒருமுறை விளிம்புக்கு உள்ளே கால் பட்டால், அதற்காக மட்டும் இப்போது நீக்குவதில்லை. ஆனால் பழைய ஓட்டத்துக்குப் புதிய விதி செல்லாது.