பட்டத்தோடு நிற்பதா, மேலே படிப்பதா?

சென்னை மாகாணத்தில் 1930களில் கல்லூரிக்குப் போன மாணவன் இந்தக் கேள்விக்கு இன்டர்மீடியட் முடித்த கையோடு பதில் சொல்லிவிட வேண்டும். மேலும் இரண்டு வருடம் படித்தால் 'பாஸ்' பி.ஏ. ஒரே பாடத்தில் மூன்று வருடம் ஊறினால் பி.ஏ. ஆனர்ஸ். ஆனர்ஸ் தேறியவர் பின்னால் தனித்தேர்வு எழுதாமலே எம்.ஏ. பட்டம் வாங்கிக்கொள்ளலாம். பச்சையப்பன் கல்லூரியில் அண்ணா படித்தது அந்த ஆனர்ஸ்தான். மாநிலக் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ் மாணவராக இருந்தபோதே ஆய்வுக் கட்டுரை எழுதிய வானியற்பியலாளர் எஸ். சந்திரசேகர், 1930இல் படிப்பை முடித்துக் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறினார்.

அந்தப் படிப்பின் ஆழத்தை இன்று நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது. ஆனால் அது எத்தனை வீடுகளுக்கு எட்டியது? பெயர்ப்பலகையில் 'பி.ஏ.' என்று எழுதிக்கொள்வதே ஊருக்குப் பெருமையாக இருந்த காலம் அது. பி.ஏ., பி.டி. முடித்தவர் உயர்நிலைப் பள்ளி ஆசிரியராகிவிடுவார். பட்டத்தைத் தாண்டி யோசிக்க அந்தக் குடும்பத்துக்குத் தேவையும் இல்லை, வசதியும் இல்லை.

1950களின் பிற்பகுதியில் புகுமுக வகுப்பும் மூன்று வருடப் பட்டமும் வந்தன. முதுகலை தனிப் படியாகப் பிரிந்தது. 1978இல் பிளஸ் டூ வந்ததும் புகுமுகமும் பள்ளிக்கூடத்துக்குள் போய்விட்டது. மேலே படிக்கும் முடிவை இருபது வயதுக்குத் தள்ளிப்போட முடிந்ததில் நிறைய பிள்ளைகள் பிழைத்தார்கள் என்றே நினைக்கிறேன். தாமதமாக விழித்துக்கொள்ளும் மாணவர்களை ஒவ்வொரு ஆசிரியரும் பார்த்திருப்பார்.

அந்நாளில் எம்.ஏ. சேர்ந்தவரிடம் எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. கல்லூரி வேலைக்கு. நல்ல மதிப்பெண் எடுத்திருந்தால் டியூட்டராகச் சேர்ந்து பேராசிரியராக ஓய்வு பெறலாம். 1989இல் கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வு வந்தது. அதற்குப் பிறகு எம்.ஃபில்., முனைவர் பட்டம் என்று ஏணி நீண்டுகொண்டே போனது. அந்த எம்.ஃபில்.லையும் 2022இல் யுஜிசி நிறுத்திவிட்டது. இன்று கல்லூரியில் கற்பிக்க முதுகலை வெறும் முதல் படி. அதன்மேல் நெட்டோ செட்டோ முனைவர் பட்டமோ வேண்டும்.

நடுவில் ஒரு குறுக்குவழியும் இருந்தது. திறந்தநிலை முறையில் பட்டமே இல்லாதவர்களை வயதைப் பார்த்து நேரடியாக எம்.ஏ.வில் சேர்த்துக்கொண்டார்கள். வேலை பார்த்தபடி ஆசையோடு படித்தவர்கள் பலர். அடிப்படைப் பட்டம் இல்லாத முதுகலை அரசுப் பணிக்குச் செல்லாது என்று 2009இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அவர்கள் கையில் இருந்த சான்றிதழ் பதவி உயர்வுக்கு உதவாமல் போனது. சேர்த்துக்கொண்டது பல்கலைக்கழகம், இழந்தது படித்தவர். இது எனக்கு இன்றும் ஆறாத விஷயம்.

இன்றைய நிலைமைக்கு வருவோம். 2021-22 கணக்கின்படி உயர்கல்விச் சேர்க்கை விகிதம் நாட்டளவில் 28.4 விழுக்காடு, தமிழ்நாட்டில் 47 விழுக்காடு. பட்டம் வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. அதனாலேயே பி.எஸ்சி. கடைசி ஆண்டில் 'அடுத்து என்ன?' என்ற கேள்வி இத்தனை கனமாகிவிட்டது. குரூப் 1, குரூப் 2 தேர்வுகளுக்குப் பட்டம் போதும். மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியராக எம்.எஸ்சி.யோடு பி.எட். வேண்டும். அமெரிக்கா போக நினைப்பவரிடம் அங்குள்ள பல பல்கலைக்கழகங்கள் பதினாறு வருடப் படிப்பு கேட்கின்றன. நம் கணக்கு பதினைந்துதான் வருகிறது. விப்ரோ போன்ற நிறுவனங்கள் பி.எஸ்சி., பி.சி.ஏ. முடித்தவர்களை எடுத்து, சம்பளமும் கொடுத்து எம்.டெக். படிக்க வைக்கின்றன. பொறியியலில் நான்கு வருடம் முடித்து வேலை கிடைத்தவர் எம்.இ. பக்கம் திரும்புவதே அரிது.

நான் பார்க்கும் எம்.ஏ., எம்.எஸ்சி. வகுப்புகளில் பெரும்பாலும் பெண்கள். அவர்களில் சிலருக்குப் பாடத்தின் மேல் உண்மையான பிடிப்பு உண்டு. சிலருக்கு இந்த இரண்டு வருடம் கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போட வீட்டில் கிடைத்த அவகாசம். "பொண்ணு படிச்சிட்டிருக்கு" என்று அப்பா ஒரு தடவை சொன்னால் பெண் பார்க்க வருபவர்கள் காத்திருப்பார்கள். இதைக் குறையாகச் சொல்லவே மாட்டேன். அந்த அவகாசத்தில் போட்டித் தேர்வுக்குப் படித்து வேலைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். ஆனால் 2022இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாய் இளங்கலையோடு நின்றுவிடுகிறது. பேருந்து பிடித்து வரும் பெண்ணின் செலவு மட்டும் நிற்பதில்லை.

இதற்கிடையே பழைய ஆனர்ஸ் வேறு உருவத்தில் திரும்பியிருக்கிறது. தேசியக் கல்விக் கொள்கை 2020 நான்கு வருட ஆனர்ஸ் பட்டத்தையும் அதன்மேல் ஒரே வருட முதுகலையையும் முன்வைக்கிறது. நான்கு வருடம் படித்து 75 விழுக்காடு எடுத்தவர் எம்.ஏ. இல்லாமலே முனைவர் படிப்புக்குப் போகலாம். தமிழ்நாடு அந்தக் கொள்கையை ஏற்கவில்லை. இங்கே மூன்று வருடப் பட்டமே தொடர்கிறது. என் கருத்தில் இது சரி. முதன்முதலாகக் கல்லூரிக்குப் பிள்ளையை அனுப்பிய வீட்டுக்கு நான்காவது வருடம் பெரிய சுமை. மூன்று வருடத்தில் முழுப் பட்டத்தோடு வெளியே வர முடிகிறது என்பதுதான் அந்த வீட்டுக்குப் பலம்.

கடைசி ஆண்டு மாணவர்களுக்கு ஒன்று சொல்வேன். எந்த வேலை என்று முதலில் முடிவு செய்யுங்கள், அந்த வேலைக்கு எது தகுதி என்று அறிவிக்கையை எடுத்துப் படியுங்கள், அப்புறம் விண்ணப்பம் வாங்குங்கள். பாடத்தின் மேல் ஆசை இருந்தால் வேறு காரணமே தேவையில்லை, தைரியமாகச் சேருங்கள். அரசுக்கும் ஒரு வேண்டுகோள்: புதுமைப்பெண் திட்டத்தின் ஆயிரம் ரூபாயை முதுகலை படிக்கும் பெண்களுக்கும் கொடுங்கள்.